‘சூடு’ என்று பெயர் வைத்தாகிவிட்டது, அப்புறம்?

மூன்று மாதத்தில் ஆறு கிலோ இறங்கியபோது அலுவலகத்தில் எல்லாரும் பாராட்டினார்கள். என்ன டயட் என்று விசாரித்தார்கள். டயட்டாவது ஒன்றாவது, முன்பைவிட அதிகமாகத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். இரவு பத்தரை மணிக்கு மறுபடியும் தட்டில் சோறு போட்டுக்கொள்ளும் அளவுக்குப் பசி. படுத்தால் தூக்கம் வராது. வந்தாலும் இரண்டு மணிக்கு முதுகெல்லாம் நனைந்து விழிப்பு வந்துவிடும். ஃபேனை முழு வேகத்தில் வைத்தும் எனக்கு வியர்க்கும். பக்கத்தில் கணவர் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு கிடப்பார். உள்ளங்கையும் உள்ளங்காலும் எந்நேரமும் தகதகவென்று இருக்கும். ஒரு நாள் மகனுக்கு ரசம் ஊற்றும்போது கரண்டி நடுங்கி மேசையெல்லாம் சிந்தியது. அவன் சிரித்தான், நானும் சிரித்துவைத்தேன்.

எனக்கு அப்போது 43 வயது. சிங்கப்பூரில் அங் மோ கியோ பக்கம் வீவக வீடு, அதாவது அரசாங்க அடுக்குமாடி. மாதக் கடைசிக் கணக்கு, மகனின் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு என்று எல்லாம் ஒன்றாகச் சேர்ந்த சமயம். ‘டென்ஷன்’ என்று நானே முடிவுகட்டிவிட்டேன்.

ஃபோனில் அம்மா, மன்னார்குடியிலிருந்து: “உடம்பு சூடுடி. சனிக்கிழமையானா எண்ணெய் தேய்ச்சுக் குளிக்கிறியா? எங்க குளிக்கப் போற.” எதிர்வீட்டுச் சீன ஆண்ட்டி, என் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில்: “யூ வெரி ஹீட்டி, கேர்ள்.” மன்னார்குடிக்கும் அங் மோ கியோவுக்கும் மூவாயிரம் கிலோமீட்டர் இருக்கும், நோய்க்கு வைத்த பெயர் மட்டும் ஒன்றேதான். இரண்டு பேரும் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று எனக்கும் தோன்றியது. அங்கேதான் தவறு செய்தேன். அம்மா சொன்ன சூடும் ஆண்ட்டி சொன்ன சூடும் வேறு வேறு என்று அப்போது எனக்குத் தெரியாது.

ஆண்ட்டி சொன்ன சூடு சீன மருத்துவத்தின் யின், யாங் கணக்கில் வருவது. யின், யாங் என்றால் கறுப்பும் வெள்ளையுமாக இரண்டு மீன்கள் சுற்றிக்கொண்டிருக்கும் அந்தப் படம்தான் எல்லாருக்கும் நினைவு வரும். ஆனால் அந்த எழுத்துகளின் பழைய பொருள் ரொம்ப எளிது. யின் என்றால் மலையின் நிழல் விழும் பக்கம், யாங் என்றால் வெயில் படும் பக்கம். ஒரே மலைதான். காலையில் வெயில் காய்ந்த சரிவு சாயங்காலம் நிழலுக்குப் போய்விடும். அதனால் இது யின், இது யாங் என்று எதையும் நிரந்தரமாக ஒட்டிவைக்க முடியாது. எதோடு ஒப்பிட்டு, எந்த நேரத்தில் என்று கேட்க வேண்டும். இரவு, ஓய்வு, குளுமை, உடம்பின் நீர்ச்சத்து எல்லாம் யின் பக்கம். பகல், அசைவு, வெப்பம் யாங் பக்கம். இரண்டாயிரம் வருடத்துக்கு முன் தொகுக்கப்பட்ட ‘ஹுவாங்தி நெய்ஜிங்’ என்ற மருத்துவ நூல் நோயைப் பற்றிப் பேசுவதெல்லாம் இந்தக் கணக்கில்தான். ஒன்று மிஞ்சினால் மற்றது நோயுறும் என்கிறது அது.

நம் ஊர்ச் சூடு, குளிர்ச்சியோடு இது பாதிதான் ஒத்துப்போகிறது. நம் வீடுகளில் சூடு என்றால் உடனே இளநீர், மோர், வெந்தயம். சூட்டைத் தணித்தால் தீர்ந்தது. சீன முறையில் சூடு இரண்டு வகை. ஒன்று நிஜமாகவே தீ அதிகமான சூடு. இன்னொன்று தீ அதே அளவில் இருக்க, தண்ணீர் வற்றியதால் வந்த சூடு. அடுப்பில் கெட்டில் நிறையத் தண்ணீர் இருந்தால் மெல்லக் கொதிக்கும். கால்வாசிதான் இருந்தால் அதே தீயில் தகரம் கருகும். இரண்டாவது வகையை யின் குறைவால் வந்த ‘வெற்றுச் சூடு’ என்பார்கள். இரவு வியர்வை, உள்ளங்கை உள்ளங்கால் எரிச்சல், தூக்கமின்மை, வறண்ட வாய் எல்லாம் அதன் அடையாளங்கள். அப்படி வற்றிய கெட்டிலுக்குத் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். கசப்பு மருந்தைக் கொடுத்துத் தீயை அணைக்கப் போனால் ஆளுக்கு வயிறுதான் கெடும்.

எனக்கு அதுதான் நடந்தது. ஆண்ட்டி சொன்னதைக் கேட்டு நானாக ஒரு சீன மருந்துக்கடையில் போய் நின்றேன். கவுண்டரில் இருந்தவர் நாக்கைக்கூடப் பார்க்கவில்லை. “ஹீட்டி” என்றேன், அவரும் தலையை ஆட்டி, பழுப்புக் காகிதத்தில் மூன்று பொட்டலம் கட்டிக் கொடுத்தார். அதில் மஞ்சளாக ஒரு வேர் இருந்தது. ஹுவாங் லியான். அந்தக் கசப்புக்கு நம் நிலவேம்பு தம்பி. ஊமை ஹுவாங் லியான் தின்ற கதை என்று சீனர்களிடம் ஒரு பழமொழியே இருக்கிறது: கசக்கிறது, ஆனால் வெளியே சொல்ல முடியாது. மூன்று நாள் குடித்தேன். வயிற்றுப்போக்குதான் மிச்சம், வியர்வை அப்படியே இருந்தது.

அந்த வேரைப் பற்றி ஒரு விஷயம் பிறகு தெரிந்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அதில் உள்ள பெர்பெரின் என்ற பொருள், ஜி6பிடி குறைபாடுள்ள (சில பொருள்கள் பட்டால் ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்துபோகும் பிறவிக் குறை) கைக்குழந்தைகளுக்குக் கடுமையான மஞ்சள்காமாலையை உண்டாக்கலாம் என்ற கவலையில் சிங்கப்பூரில் 1978இல் தடை செய்யப்பட்டது. 2013இலிருந்துதான் அந்தத் தடையைப் படிப்படியாக நீக்கினார்கள், எச்சரிக்கையோடு. என் மகனுக்கு அந்தக் குறைபாடு உண்டு. பிறந்த அன்றே தொப்புள்கொடி ரத்தத்தில் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். அந்துருண்டையைக்கூட வீட்டுக்குள் விடாதவள் நான். ‘உனக்கும் சூடுதான், ஒரு வாய் குடி’ என்று அவனுக்கும் அரை டம்ளர் கொடுக்கப் பார்த்தேன். நல்லவேளை, வாடையிலேயே ஓடிவிட்டான். அவன் பெரிய பையன், ஒருவேளை ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் பொட்டலத்துக்குள் என்ன இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்காமல் அடுப்பில் ஏற்றினேன் என்பதை நினைத்தால் இன்னும் கூசுகிறது. இப்போது எதை வாங்கினாலும் மூலிகைப் பெயரைத் தாளில் எழுதி வாங்கிக்கொள்கிறேன். எழுதித் தர மாட்டேன் என்றால் வாங்குவதில்லை.

வயிற்றுப்போக்கைக் கேள்விப்பட்டு ஆண்ட்டி தலையில் அடித்துக்கொண்டார். “கடையில் யார் வாங்கச் சொன்னது? சின்சேயைப் பார்க்காமல்?” சீன வைத்தியரை இங்கே சின்சே என்பார்கள். தாம் முப்பது வருடமாகப் போகும் சின்சேயிடம் அந்தச் சனிக்கிழமையே என்னை இழுத்துக்கொண்டு போனார்.

புளோக் ஒன்றின் கீழ்த்தளத்தில் சின்ன இடம். சுவரில் பதிவுச் சான்றிதழ் மாட்டியிருந்தது. இதைக் கவனிக்க வேண்டும். சிங்கப்பூரில் 2000ஆம் ஆண்டிலேயே சீன மருத்துவர்களுக்கென்று தனிச் சட்டம் வந்துவிட்டது. பதிவு செய்யாதவர் வைத்தியம் பார்க்கக் கூடாது, பதிவுப் பட்டியலை யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். கவுண்டரில் பொட்டலம் கட்டுகிறவர் வேறு, சின்சே வேறு. இந்த வேறுபாடு தெரியாமல்தான் நான் முதலில் ஏமாந்தேன்.

எழுபதை நெருங்கும் மனிதர். பார்ப்பது, கேட்பது, விசாரிப்பது, தொடுவது என்று நான்கு படி உண்டு அவர்களுக்கு. இரண்டாவதற்கான எழுத்துக்குக் கேட்பது, மோப்பது என்று இரண்டு பொருளும் உண்டாம். நாக்கை நீட்டச் சொன்னார். சிவந்து, மேல் படிவமே இல்லாமல் இருக்கிறது என்றார். பிறகு மணிக்கட்டில் மூன்று விரலை வைத்தார். இடது கையில் இதயம், கல்லீரல், சிறுநீரகம். வலது கையில் நுரையீரல், மண்ணீரல், மறுபடி சிறுநீரகம் என்று ஒவ்வொரு விரலுக்கும் ஓர் இடம். நம் ஊர் நாடி வைத்தியர் வாதம், பித்தம், கபம் என்று மூன்று விரலில் பார்ப்பது நினைவுக்கு வந்தது. ரொம்ப நேரம் பிடித்தார். ஆண்ட்டியே பொறுமையிழந்து கைப்பையைத் துழாவ ஆரம்பித்துவிட்டார்.

“நூல் போல மெலிசு. ரொம்ப வேகம்” என்றார். அப்புறம் நான் எதிர்பார்க்காத ஒன்றைச் செய்தார். இரண்டு கையையும் முன்னால் நீட்டச் சொல்லி, விரல்கள் மேல் ஒரு தாளை வைத்தார். தாள் படபடவென்று ஆடியது. எச்சில் விழுங்கச் சொல்லிக் கழுத்தைப் பார்த்தார். கடிகாரத்தை வைத்துத் துடிப்பை எண்ணினார். 112. சும்மா உட்கார்ந்திருக்கும்போது.

“யின் குறைவு என்று எழுதி மருந்து கொடுக்கலாம்” என்றார், உடைந்த ஆங்கிலத்தில். “தப்பும் இல்லை. தண்ணீர் வற்றுகிறது என்று நாடி சொல்கிறது. அடுப்பைக் கூட்டிவைத்தது யார் என்று நாடி சொல்லாது. திங்கட்கிழமை பலதுறை மருந்தகத்துக்குப் போ. தைராய்டு ரத்தப் பரிசோதனை கேள். முடிவு வந்த பிறகு என்னிடம் வா.” மருந்து கொடுக்கவில்லை. பார்த்ததற்கான கட்டணம் மட்டும் வாங்கிக்கொண்டார்.

வெளியே வந்ததும் ஆண்ட்டிக்குக் கோபம். மருந்து கொடுக்காத சின்சே என்ன சின்சே! எனக்கென்னவோ அந்த முப்பது நிமிடத்தில்தான் யின், யாங் என்பது முதல்முறையாகப் பிடிபட்டது போலிருந்தது. அது உடம்பு எப்படி இருக்கிறது என்று சொல்லும் பாஷை. ஏன் அப்படி ஆனது என்பதற்கு வேறு இடத்திலும் தேட வேண்டியிருக்கும்.

ரத்த முடிவு வந்தது. டிஎஸ்எச் என்பது தைராய்டை வேலை வாங்கும் ஹார்மோன், தைராய்டு மிஞ்சினால் இது இறங்கிவிடும். சாதாரணமாக 0.4லிருந்து 4 வரை இருக்க வேண்டும், எனக்கு 0.01க்கும் கீழே. தைராய்டு ஹார்மோன் இரண்டு மடங்குக்கு மேல். பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். கிரேவ்ஸ் நோய் என்றார்கள். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பியைப் போட்டு விரட்டிக்கொண்டிருக்கும். சுரப்பி நிறுத்தாமல் ஹார்மோனைக் கொட்டும். உடம்பு முழுக்க எரிபொருள் வேகமாக எரியும். பெண்களுக்கே பல மடங்கு அதிகமாக வருவது. பசி, எடைக் குறைவு, நடுக்கம், வியர்வை, படபடப்பு எல்லாவற்றுக்கும் ஒரே காரணம். ஆக, அம்மா சொன்னது போல உடம்பு சூடுதான். எண்ணெய்க் குளியலில் போகிற சூடு இல்லை, அவ்வளவுதான்.

காரணம் தெரியாமல் இன்னும் ஆறு மாதம் கசப்பும் குளுமையுமாகக் குடித்துக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மருத்துவரிடம் கேட்டேன். இதயத் துடிப்பு தாறுமாறாகப் போகலாம், எலும்பு தேயும் என்றார். 43 வயதில் இரவு வியர்த்தால் ‘மாதவிடாய் நிற்கப்போகிறது’ என்று நினைத்துச் சும்மா இருந்துவிடுகிறோம், அதனாலும் இது பலருக்குத் தாமதமாகத்தான் தெரிகிறது. எடை இறங்குகிறது, பசி ஏறுகிறது, கை நடுங்குகிறது என்றால் ஒரு டிஎஸ்எச் பார்த்துவிடுவது நல்லது.

தைராய்டுச் சுரப்பை அடக்கும் கார்பிமசோல் மாத்திரை ஆரம்பித்தார்கள். நடுக்கத்துக்குக் கொஞ்ச நாள் புரோப்ரனோலால். அப்போது மருந்தாளர் ஒரு அட்டையைக் கொடுத்து, இரண்டு முறை அழுத்திச் சொன்னார்: காய்ச்சலோ தொண்டை வலியோ வாய்ப்புண்ணோ வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே வந்து ரத்தம் கொடுங்கள். கார்பிமசோல் அரிதாகச் சிலருக்கு வெள்ளை அணுக்களை அடியோடு குறைத்துவிடும். பெரும்பாலும் முதல் மூன்று மாதத்துக்குள். தொண்டை வலிதான் அதன் முதல் மணி.

இதைப் படிக்கும் சிங்கப்பூர், மலேசியாக்காரர்களுக்கு நான் எங்கே வருகிறேன் என்று புரிந்திருக்கும். இந்த ஊரில் தொண்டை வலித்தால் அதற்குப் பெயர் ஹீட்டி. மருந்து லியாங் தே, காப்பிக்கடைக்குப் பக்கத்திலேயே குவளையில் விற்கும் மூலிகைத் தேநீர். இரண்டு நாள் குடி, சரியாகிவிடும். மாத்திரை ஆரம்பித்த ஐந்தாவது வாரம் எனக்குத் தொண்டை கட்டியது, லேசாகக் காய்ச்சல். அலுவலகத் தோழி அன்போடு ஒரு பாட்டில் லியாங் தே வாங்கி மேசையில் வைத்தாள். மூடியைத் திறந்தும்விட்டேன். அப்புறம்தான் அந்த அட்டை நினைவுக்கு வந்தது. டாக்சி பிடித்து அவசரப் பிரிவுக்குப் போய் நாலு மணி நேரம் காத்திருந்தேன். வெள்ளை அணு எண்ணிக்கை சரியாக இருந்தது, சாதாரணச் சளி. ‘இதற்காகவா வந்தேன்’ என்று வெட்கமாக இருந்தது. பரிசோதித்த இளம் மருத்துவர், “வந்ததுதான் சரி, அடுத்த முறையும் வாங்க” என்றார். லியாங் தே விஷமில்லை. அன்றைக்கு அதைக் குடித்துவிட்டு ‘நாளைக்குப் பார்ப்போம்’ என்று வீட்டுக்குப் போயிருப்பேனே, பயம் அதுதான்.

கடற்பாசி விவகாரம் இதைவிட விநோதம். உடம்புக்கு முடியவில்லை என்று தெரிந்த நாளிலிருந்து ஆண்ட்டி வாரம் இரண்டு முறை ஒரு கிண்ணம் இனிப்புக் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தார். பச்சைப்பயறும் கடற்பாசியும் கல்கண்டு போட்டுக் காய்ச்சியது. நல்ல குளிர்ச்சி, சுவையும் அருமை. நம் பாசிப்பயற்றுப் பாயாசத்தில் தேங்காய்ப்பாலுக்குப் பதில் கடல் வாசனை. இரண்டாவது பரிசோதனையில் ஹார்மோன் எதிர்பார்த்த அளவு இறங்கவில்லை. “சீன உணவு சாப்பிடுவீங்களா? கடற்பாசி, கெல்ப் மாதிரி?” என்று மருத்துவர் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தைராய்டு ஹார்மோனுக்கு மூலப்பொருளே அயோடின்தான். வளர்ந்தவருக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் போதும். கெல்ப் என்ற கடற்பாசி காய்ந்தால் ஒரே கிராமில் அதைப்போலப் பல மடங்கு இருக்கும். எரிகிற அடுப்புக்கு நான் வாரம் இரண்டு முறை விறகு போட்டுக்கொண்டிருந்தேன், குளிர்ச்சி என்ற பெயரில்.

சின்சேயிடம் இதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. சீனாவில் 4ஆம் நூற்றாண்டிலேயே கே ஹொங் என்ற மருத்துவர் முன்கழுத்துக் கழலைக்குக் கடற்பாசியைச் சொல்லியிருக்கிறார் என்றார். பெரிய கண்டுபிடிப்புதான். கடலைப் பார்க்காத உள்நாட்டு மலைப்பகுதிகளில் அயோடின் பற்றாமல் வந்த கழலைக்கு அது உண்மையாகவே மருந்து. ஆனால் கழுத்து வீக்கம் இரண்டு பேருக்கும் ஒரே மாதிரிதான் தெரியும். ஒருவருக்குச் சுரப்பி பட்டினி. என்னைப் போன்றவருக்கு அதற்கு வெறி. முதலாமவருக்கு மருந்தானது எனக்கு வினையாகிவிட்டது. ஆண்ட்டியிடம் எப்படிச் சொல்வது என்று தவித்துக் கடைசியில் உண்மையையே சொன்னேன். அடுத்த வாரம் கிண்ணம் வந்தது. பயறு மட்டும்.

மருத்துவரிடம் என்னென்ன சாப்பிடுகிறேன் என்று மறைக்காமல் சொல்லும் பழக்கம் அப்போது வந்ததுதான். ‘மருந்து ஏதாவது எடுக்கிறீங்களா?’ என்றால் நாம் மாத்திரையை மட்டும் சொல்வோம். சூப், கஞ்சி, கஷாயம், அம்மா கூரியரில் அனுப்பிய லேகியம் எதுவும் நம் கணக்கில் மருந்து இல்லை. நான் இப்போது எல்லாவற்றையும் ஃபோனில் படம் பிடித்து வைத்திருக்கிறேன், டப்பாவின் பின்பக்கத்தையும் சேர்த்து. மருத்துவரிடம் காட்டுகிற அதே படங்களைச் சின்சேயிடமும் காட்டுகிறேன். கார்பிமசோல் பெயரைப் பார்த்ததும் அவர் தமது பட்டியலிலிருந்து இரண்டு மூலிகைகளை அடித்துவிட்டார்.

தைராய்டு ஓரளவு அடங்கிய பிறகும் தூக்கம் திரும்பவில்லை. யின், யாங் எனக்கு நேரடியாகப் பயன்பட்டது இங்கேதான். உடம்பைக் காக்கும் ‘வெய் ச்சி’ என்ற சக்தி பகலில் யாங் பக்கம் 25 சுற்று, இரவில் யின் பக்கம் 25 சுற்று ஓடும் என்பது நெய்ஜிங் நூலின் கணக்கு. அது உள்ளே போனால் தூக்கம், வெளியே வந்தால் விழிப்பு. தூக்கம் கெட்டால் யாங் யின்னுக்குள் நுழைய மறுக்கிறது என்று பொருள். “நீ கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அதை உள்ளே போ என்றால் எப்படிப் போகும்?” என்றார் சின்சே. பதினொன்றரை மணிக்குப் படுக்கையில் ஃபோனைத் தூக்கிப் பிடித்திருப்பதுதான் அவர் சொன்ன திறந்த கதவு. இரவு 11 முதல் 1 வரை யின் உச்சத்தில் இருக்கும் நேரம், யாங் அங்கேதான் பிறக்கிறது. அதற்கு முன் தூங்கிவிடு என்பது அவர் விதி.

பழ ஈக்களை ஆராய்ந்து உடம்பின் உள்கடிகாரம் ஓடும் விதத்தைக் கண்டுபிடித்ததற்காக ஹால், ராஸ்பாஷ், யங் ஆகிய மூவருக்கு 2017இல் நோபல் கிடைத்தது. உடனே ‘பார்த்தாயா, இதை அன்றே சொல்லிவிட்டார்கள்’ என்று ஒரு கூட்டம் கிளம்பும். எனக்கு அந்தப் பெருமை பிடிப்பதில்லை. மரபணு அவர்களுக்குத் தெரியாது, தெரிந்திருக்கவும் முடியாது. இரவு இரவாக இல்லாவிட்டால் உடம்பு கெடும் என்பதை ஆள் ஆளாகப் பார்த்து எழுதிவைத்தார்கள், அதுவே எனக்குப் போதும். ‘உள்கடிகாரம்’ என்று எத்தனையோ கட்டுரை படித்தும் ஃபோனைக் கீழே வைக்காத நான், ‘கதவைச் சாத்து’ என்றதும் வைத்துவிட்டேன். கூடத்தில் சார்ஜர், பத்தரைக்கு விளக்கு மங்கல், மதியம் இரண்டுக்கு மேல் காப்பி இல்லை. சாப்பாடு ஏழரைக்குள். வாரம் ஒரு முறை சின்சே குத்தும் நாலைந்து அக்குபஞ்சர் ஊசி. தூக்கம் வர ஐந்து வாரம் ஆனது. ஊசியாலா, மாத்திரை வேலை செய்ததாலா, காப்பியைக் குறைத்ததாலா என்று பிரித்துச் சொல்லச் சொன்னால் என்னால் முடியாது.

பதினெட்டு மாதம் கழித்து மாத்திரையை நிறுத்தினார்கள். இந்த நோய் திரும்பி வரக்கூடியது, அதனால் ரத்தம் கொடுக்கப் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். போன தடவை முடிவு வந்த அன்று அம்மா ஃபோன் செய்தார்.

“சூடு குறைஞ்சுதாடி?”

“டிஎஸ்எச் 1.8 ம்மா.”

“அப்படின்னா?”

“குறைஞ்சிருக்கும்மா.”

“நான்தான் சொன்னேனே, எண்ணெய் தேய்ச்சுக் குளின்னு.”

குளிக்கிறேன் என்று சொல்லி ஃபோனை வைத்தேன்.